நீர்புகா நடைக்காலணி: காட்டுத்தடத்திலும் ஏரிக்கரையிலும் 700 கிலோமீட்டருக்குப் பிறகு

கணுக்காலை மூடும் உயரமும், நீர் புகாத சவ்வை உள்ளே வைத்துத் தைத்த மேற்பகுதியும், ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகமும் உடைய ஒரு ஜோடி நடைக்காலணியை 14 மாதங்களாக அணிந்து வருகிறேன். பெரும்பாலான வார இறுதிகளில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை, மரங்கள் அடர்ந்த தடங்களிலும் அவற்றிலிருந்து இறங்கிச் செல்லும் ஏரிக்கரைப் பாதைகளிலும் நடந்ததில், என் குறிப்பேட்டின் கணக்குப்படி ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை; நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த வகைக் காலணி முழுவதற்கும் பொருந்துபவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காட்டுத்தடத்துக்கு இது மிக நல்ல காலணி, வெப்பமான பருவத்தில் ஏரிக்கரைக்கு இது பொருந்தாத காலணி. 'நீர்புகா' என்ற சொல்லைப் படித்துவிட்டு ஏரிக்கரைக்காகவே இதை வாங்குகிறவர்கள் பலர். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

காட்டுத்தடத்தில் நீர் எப்படிக் காலுக்கு வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதிகாலைப் பனியில் நனைந்த புல், மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும் இலைகள், சருகுகளுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் மண், ஆங்காங்கே தேங்கிய குட்டைகள் ஆகிய எல்லாமே காலணியை வெளியிலிருந்து, சிறுகச் சிறுக நனைப்பவை. ஏரிக்கரையில் நிலைமை வேறு. ஏரியின் விளிம்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை. போன மாதம் காய்ந்த மணலாக இருந்த பாதை இந்த மாதம் நாணலுக்கு நடுவே முழங்காலுக்குச் சற்றுக் கீழே நீரில் கிடக்கும். உறுதியாகத் தெரியும் கறுப்பு வண்டலில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அங்கே நீர் துணியின் வழியாக வருவதில்லை. காலணியின் வாயின் வழியாக, மேலிருந்து நேராக உள்ளே இறங்குகிறது. சவ்வு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இதைத் தடுக்க அதனால் ஆகாது.

இந்தச் சவ்வு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் வாங்குவதற்கு முன்பே பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். 1969-ஆம் ஆண்டு ராபர்ட் கோர் என்பவர், சூடாக்கிய பிடிஎஃப்இ என்ற நெகிழியைச் சட்டென்று வேகமாக இழுத்தபோது அது அறுந்துபோகாமல் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய பொருளாக விரிவதைக் கண்டார். கோர்டெக்ஸ் என்ற பெயரில் நாம் அறிந்த துணி அதிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு துளையும் ஒரு நீர்த்துளியைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு சிறியது, ஆனால் நீராவியின் மூலக்கூறைவிட ஏறத்தாழ 700 மடங்கு பெரியது. ஆகவே மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியேறும். பிறகு பல நிறுவனங்கள் தத்தம் சவ்வுகளைச் செய்யத் தொடங்கின. என் காலணியில் இருப்பது தயாரிப்பாளரே செய்துகொண்ட பாலியூரித்தேன் சவ்வு. அது வேறு பொருள் என்றாலும் நோக்கம் ஒன்றுதான். இதில் மறந்துவிடக் கூடாதது, ஆவி தானாக வெளியே போவதில்லை என்பது. காலணிக்குள் வெப்பமும் ஈரப்பதமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும். மழைக்குப் பிந்தைய காட்டில், காற்றே ஈரத்தால் கனத்துக் கிடக்கும்போது, அந்த வேறுபாடு மிகக் குறைவு. மேல்துணியும் ஊறிவிட்டால் ஆவிக்கு வழியே இல்லை. அப்போது கால் நனைவது சொந்த வியர்வையில். 'காலணி ஒழுகுகிறது' என்று வரும் புகார்களில் ஒரு பகுதி இப்படிப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

குளிர்ந்த காலையில் காட்டுக்குள் இந்தக் காலணி நடந்துகொள்ளும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முழங்கால் உயரப் புல்லில் பனி இறங்கியிருந்த ஒரு காலையில், இரண்டு மணி நேரம் நடந்த பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிப் பார்த்தேன். மேல்துணியின் நிறமே கருத்துப்போயிருந்தது; கால்சராயின் கீழ்ப்பகுதி பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது; காலுறையின் விரல்நுனி மட்டும் உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. நாக்குப் பகுதி இருபுறமும் மடிப்பு விட்டு மேல்வரை தைக்கப்பட்டிருப்பதால் கயிற்றுத் துளைகளின் வழியாகவும் நீர் வரவில்லை. சருகுத்தூளும் சிறு கற்களும்கூட நுழையவில்லை. கடையில் பார்க்கும்போது இந்த மடிப்பு எவ்வளவு உயரம் வரை தைக்கப்பட்டிருக்கிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். சவ்வின் பெயரைவிட அந்த உயரம்தான் உங்கள் காலணி எவ்வளவு ஆழமான நீரைத் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. என்னுடையதில் தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் காலணியால் கிடைத்த இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. தடத்தின் நடுவே குட்டை தேங்கியிருந்தால் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி நடப்பது வழக்கம். அப்படி ஒதுங்குகிற ஒவ்வொருவரும் ஓரத்துச் செடிகளை மிதித்து, விளிம்பைக் கரைத்து, தடத்தை அகலமாக்குகிறார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை போல ஆகிவிடுகிறது. நீர் புகாது என்ற தைரியம் வந்த பிறகு நான் குட்டையின் நடுவிலேயே நடக்கிறேன். காட்டுத்தடத்தின் மீது அக்கறை உள்ள எவருக்கும், இந்தக் காலணியை வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணத்தை என்னால் சொல்ல முடியாது.

இனி ஏரிக்கரை. சென்ற வெப்பப் பருவத்தில் நானும் என் தங்கையும் ஓர் ஏரியை முழுவதுமாகச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் நடந்தோம். அவள் அணிந்திருந்தது கணுக்காலுக்குக் கீழே நின்றுவிடும், வலைத்துணியால் ஆன இலேசான ஓட்டக் காலணி. சவ்வு எதுவும் இல்லாதது. நான்காவது கிலோமீட்டரில் ஏரிக்குள் விழும் ஓடை ஒன்று பாதையை மூடியிருந்தது. அவள் சற்றும் யோசிக்காமல் இறங்கி நடந்தாள். என் காலணியின் உயரம் போதும் என்று நினைத்து நானும் இறங்கினேன். மூன்றாவது அடியில் ஒரு கல் புரண்டு, கால் ஆழத்தில் இறங்கி, நீர் வாயின் வழியாகக் கொட்டியது. அந்த நொடியிலிருந்து காலணியின் சிறப்பே அதன் குறையாக மாறியது. வெளியே இருந்து நீரை உள்ளே விடாத சவ்வு, உள்ளே வந்த நீரை வெளியேயும் விடவில்லை. கரையேறிக் கழற்றிக் கவிழ்த்தபோது ஒரு குவளை அளவுக்கு நீர் கொட்டியது; உள்ளே இருக்கும் பஞ்சுப்பட்டை குடித்திருந்தது அதற்கு மேல். காலுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு நடந்தேன். அரை மணி நேரத்துக்குள் தங்கையின் காலணியில் இருந்த நீர் அவள் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியிலும் வலையின் வழியாகப் பிதுங்கி வெளியேறி, ஏழாவது கிலோமீட்டரில் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்துவிட்டது. "அக்கா, உங்க ஷூ இன்னும் சதக் சதக்னு சத்தம் போடுதே" என்று அவள் சொன்னது பத்தாவது கிலோமீட்டரில். வீடு வந்து சேர்ந்தபோது என் இரண்டு குதிகால்களிலும் தோல் வெளுத்துச் சுருங்கி, வலது குதிகாலில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலணி முழுமையாக உலர எனக்கு இரண்டு பகலும் இரண்டு இரவும் பிடித்தன.

குளிர்காலத்தில் இதே ஒப்பீடு தலைகீழாகிவிடும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். குளிர்ந்த நீர் வலைக்காலணிக்குள் வந்து போய்க்கொண்டே இருந்தால் விரல்கள் மரத்துப்போகும். அப்போது உலர்ந்த காலும் கனமான சுவரும்தான் வேண்டும். ஆகவே என் குறை பருவத்தையும் நீரின் ஆழத்தையும் சார்ந்தது.

அடிப்பாகத்துக்கு வருகிறேன். இன்று மலைக்காலணிகளில் நாம் காணும் பற்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1935-இல் இத்தாலியில் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஏறச் சென்றவர்களில் ஆறு பேர் மோசமான வானிலையில் சிக்கி இறந்தார்கள்; அவர்களது காலணிகள் அந்த நிலைமைக்குப் போதுமானவையாக இல்லை. அவர்களுடைய நண்பரும் மலையேறியுமான விட்டாலே பிரமானி அதன் பிறகு ரப்பரில் அடிப்பாகம் செய்ய முனைந்து, 1937-இல் ஆழமான பற்களைக் கொண்ட வடிவத்தை உருவாக்கினார். அந்த அடிப்பாகத்தின் வணிகப்பெயரான வைப்ரம், விட்டாலே, பிரமானி என்ற இரண்டு பெயர்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்து உருவானது. அதற்கு முன்பு மலையேறிகள் தோல் அடிப்பாகத்தில் ஆணிகளை அறைந்துகொண்டு நடந்தார்கள். என் காலணியின் அடிப்பாகத்தை மிதிக்கும்போதெல்லாம் அந்த ஆறு பேரை நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பற்கள் எதில் பிடிக்கின்றன, எதில் பிடிப்பதில்லை என்று இந்த 14 மாதங்களில் நன்றாகவே தெரிந்துவிட்டது. ஈரமான இலைமண்ணிலும் ஏற்றத்திலும் அருமையான பிடிமானம். குதிகால் பகுதியில் செங்குத்தாக வெட்டிய விளிம்பு இருப்பதால், சருகு மூடிய இறக்கத்தில் இறங்கும்போது கால் நின்று நிதானிக்கிறது. களிமண்ணில் முதல் 20 அடிகளுக்கு நன்றாக இருக்கும். பிறகு பற்களின் இடைவெளியில் களிமண் அடைத்துக்கொண்டு அடிப்பாகமே வழவழப்பான தட்டாகிவிடும். இடைவெளி அகலமாக இருந்தால் மண் தானாக உதிரும். என்னுடையதில் இடைவெளி குறுகலானது. இது வடிவமைப்பின் குறை என்றே கருதுகிறேன். பட்டை உரிந்து, நூற்றுக்கணக்கான கால்கள் பட்டு மெருகேறிய மரவேர் மழையில் நனைந்திருக்கும்போது, எந்தப் பல்லும் உதவாது. அங்கே உதவக்கூடியது ரப்பரின் மென்மைதான். நீண்ட நாள் உழைக்கட்டும் என்று கெட்டியான ரப்பரைப் போட்டிருப்பதால் இந்தக் காலணி வேரில் நழுவுகிறது. ஏரிக்கரையின் சதுப்பில் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதையில் பாசி படிந்திருந்தாலும் இதே கதைதான். வேரை மிதிக்காமல் தாண்டுவதும், பலகையில் அடியைச் சிறிதாக்கி முழுப் பாதத்தையும் தட்டையாக வைப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டன.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுத் தராசில் ஒரு காலணி 620 கிராம். தங்கையுடையது அதில் சரிபாதி. காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும் என்பது நெடுந்தொலைவு நடப்பவர்கள் எல்லோரும் அறிந்தது, 12 கிலோமீட்டரைத் தாண்டும்போது அது உண்மை என்று தொடைகள் சொல்கின்றன. உயரமான கழுத்து கணுக்காலைச் சுளுக்கிலிருந்து காக்கும் என்று கடையில் சொன்னார்கள். என் அனுபவத்தில், அந்தக் கழுத்து கணுக்கால் எலும்பு பாறையில் இடிபடாமல் காத்திருக்கிறதே தவிர, கால் பிசகுவதைத் தடுக்கவில்லை. இரண்டு முறை பிசகியிருக்கிறது.

பொருத்தம் பற்றி அதிகம் எழுத வேண்டும். ஏனென்றால் நல்ல காலணியையும் தவறான அளவு கெடுத்துவிடும். நாள் முழுவதும் நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், மாலையில், நடையின்போது அணியும் அதே தடித்த காலுறையோடு போய்த்தான் அளவு பார்க்க வேண்டும். காலணியைக் கட்டுவதற்கு முன்பு, விரல்கள் முன்னால் முட்டும்படி காலைத் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். கட்டிய பிறகு, கடையில் சாய்தளம் இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்சுவரைத் தொட்டால் அந்த அளவு வேண்டாம். நீண்ட இறக்கத்தில் நகம் கறுத்துப்போவது இதனால்தான். நான் வழக்கமாக அணியும் அளவைவிட அரை அளவு பெரியதை எடுத்தேன், அதற்காக ஒருமுறைகூட வருந்தியதில்லை.

கயிறு கட்டும் முறையையும் நடைக்கேற்ப மாற்ற வேண்டும். இந்தக் காலணியில் பாதத்தின் மேற்பகுதிக்குத் துணி வளையங்களும், அதற்கு மேலே மூன்று ஜோடி உலோகக் கொக்கிகளும் உள்ளன. வளையங்கள் முடிந்து கொக்கிகள் தொடங்கும் இடத்தில் கயிற்றை ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினால் அந்த இடத்திலேயே இறுக்கம் பூட்டிக்கொள்ளும். கீழே ஓர் இறுக்கம், மேலே வேறோர் இறுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் மேல் கொக்கிகளைத் தளர்த்திக் கணுக்காலை மடங்க விடுகிறேன். இறக்கம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் நின்று, குதிகாலைப் பின்னால் அழுத்தி, மேலே இறுக்குகிறேன். இந்த ஒரு நிமிடத்தைச் சோம்பல்பட்டு விட்ட நாட்களில்தான் எனக்குக் கொப்புளங்கள் வந்திருக்கின்றன. குதிகாலில் சூடு தெரியத் தொடங்கியதுமே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். 'அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் அதற்குள் தோல் பிரிந்துவிடும். காலுறை கம்பளியாகவோ கம்பளி கலந்ததாகவோ இருக்கட்டும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது. பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உரசும்.

நடை முடிந்ததும் சேற்றைக் கழுவுவது காலணியின் நலனுக்காக மட்டும் செய்யும் வேலை அன்று. ஒரு காட்டின் மண்ணில் இருக்கும் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் காலணியின் பற்களில் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் பயணம் செய்கின்றன. நியூசிலாந்தில் கௌரி என்ற மாபெரும் மரங்களைக் கொல்லும் பைட்டோப்தோரா நோய் மண்ணின் வழியே பரவுவதால், தடங்களின் வாயிலில் காலணியைத் தேய்த்துக் கிருமிநாசினி இடும் நிலையங்களை வைத்திருக்கிறார்கள். சில தடங்களை மூடியே விட்டார்கள். ஏரிகளுக்கும் இது பொருந்தும்: ஓர் ஏரியின் பாசித்துணுக்கோ நுண்ணிய உயிரோ ஈரமான காலணிக்குள் உயிரோடிருந்து அடுத்த ஏரியை அடையலாம். ஆகவே கழுவுவதோடு நிற்காமல் முழுமையாக உலர்த்தவும் வேண்டும். இந்த இடத்தில் என் காலணி மதிப்பெண் இழக்கிறது. குறுகிய பற்களிலிருந்து மண்ணை எடுக்கக் குச்சியும் பழைய பல்துலக்கியுமாக ஒவ்வொரு முறையும் 15 நிமிடங்கள் ஆகின்றன. பஞ்சுப்பட்டையில் தங்கும் ஈரம் எளிதில் போவதில்லை. உள்ளட்டையைக் கழற்றித் தனியாக வைத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் வைக்கிறேன். அடுப்பருகிலோ ஹீட்டருக்கு முன்னாலோ வைத்தால் பசை இளகிவிடும்.

உழைப்பைப் பொறுத்தவரை இடைப்பட்ட மதிப்பீடுதான் தர முடியும். மேல்துணியில் நீர் முத்துமுத்தாக உருண்டு விழும் பூச்சு ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் போய்விட்டது. அதற்கென விற்கும் தெளிப்பானைக் கழுவிய காலணியில் அடித்துப் புதுப்பித்துக்கொள்கிறேன். 500 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, பெருவிரலுக்குப் பின்னால் ஒவ்வோர் அடியிலும் மடியும் இடத்தில் இடது காலணி கசியத் தொடங்கியது. உள்ளே நுழைந்த மணல்துகள்கள் அந்த மடிப்பில் அரைபட்டுச் சவ்வைத் தேய்த்திருக்க வேண்டும். நீர் நிரப்பிய தொட்டியில் காலணியை வைத்து, உள்ளே உலர்ந்த தாளை விரித்து, எந்த இடம் முதலில் நனைகிறது என்று பார்த்து இதை உறுதிசெய்துகொண்டேன். நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன்; ஓராண்டு உத்தரவாதம் முடிந்திருக்கவில்லை. 'இயல்பான தேய்மானம்' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நீர்புகாமையைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுகிறவர்கள், அது எத்தனை கிலோமீட்டர் நிலைக்கும் என்பதைச் சிறிய எழுத்திலாவது அச்சிட வேண்டும்.

அடிப்பாகத்தின் பற்கள் 5 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருக்கின்றன. இன்னும் ஓராண்டு தாங்கும். நடுவில் இருக்கும் மெத்தைப் பகுதி பாலியூரித்தேன் என்பதால் அமுங்கிப்போகவில்லை. ஆனால் அந்தப் பொருளுக்கு வேறோர் ஆபத்து உண்டு: காற்றின் ஈரத்தால் அது மெல்ல மெல்லச் சிதைகிறது, நடக்காமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடலாம். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்குகிறவர்கள் தயாரிப்புத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். நெடுநாள் கழித்து எடுத்து அணிகிறவர்கள் வீட்டுக்கு வெளியே ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.

இப்போது என் வழக்கம் இப்படி இருக்கிறது. முந்தைய இரவு மழை பெய்து, பாதை மரங்களுக்குள் மட்டும் செல்வதாக இருந்தால் இந்தக் காலணி. குளிர்காலம் முழுவதும் இந்தக் காலணி. வெப்பமான மாதங்களில் ஏரியைச் சுற்றுவதாக இருந்தால், தங்கையுடையதைப் போன்ற வலைக்காலணியும் பையில் ஒரு மாற்றுக் காலுறையும். சென்ற மாதம் வலது காலணியின் முன்விளிம்பில் அடிப்பாகம் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பசை விட்டுப் பிரிந்தது. பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, காலணிக்கான பசையைத் தடவி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்தேன். அதன் பிறகு மூன்று நடைகள் போயிருக்கிறேன், ஒட்டு விடவில்லை.